ஜீப்புக்குப் புறா நிறம்

பழைய ஜீப் ஒன்றுக்கு வர்ணம் மாற்ற என்ன செலவாகும் என்று யாரேனும் கேட்டால், எனக்கு இன்றும் சட்டென்று பதில் வராது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் என் கணவர் ஒரே ஜீப்புக்கு இரண்டு முறை வர்ணம் அடித்தார். முதல் முறை ஆன செலவை நாங்கள் தாங்கிக்கொண்டோம். இரண்டாம் முறை தாங்கியவர் அவருடைய தமையனார். அதன் பிறகு நாங்கள் வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் அந்த வேறுபாட்டிலிருந்து வந்ததுதான்.

அப்போது ஸ்ரீரங்கத்தில், கீழச் சித்திரை வீதியில் கூட்டுக் குடும்பமாக இருந்தோம். மாமியார், தமையனார், அவர் மனைவியான மன்னி, அவர்கள் குழந்தைகள், நாங்கள் இருவர். தமையனாருக்குத் திருச்சியில் பம்ப்செட் ஏஜென்சி இருந்தது. ஜீயபுரம் பக்கத்து வாழைத் தோட்டங்களுக்கும் நெல் வயல்களுக்கும் ஆயில் என்ஜின் விற்றுக்கொடுப்பது தொழில். என் கணவர் அந்தக் கடையில் வேலை பார்த்தார். வேலை பார்த்தார் என்று சொல்வதே சற்று மிகைதான். அவருக்கென்று சம்பளம் கிடையாது. கேட்டால் தமையனார் கொடுப்பார். ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை, முகம் சுளித்ததுமில்லை. ஆனால் கேட்க வேண்டும். வேட்டிக்கும் கேட்க வேண்டும், எனக்கு ஒரு புடைவைக்கும் கேட்க வேண்டும். முப்பது வயது கடந்த ஆண்மகன் அண்ணாவின் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு, வந்த விஷயத்தை விட்டுவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பதை நான் பலமுறை கதவோரத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

அந்த நிலையிலிருந்து விடுபடத்தான் ஜீப்பை வாங்கினார். யுத்தம் முடிந்து ராணுவம் ஏலத்தில் கழித்த வண்டிகளை ஊரில் டிஸ்போசல் வண்டி என்பார்கள். இரண்டு மூன்று கை மாறி, ஒரு கல் குவாரிக்காரரிடம் ஓடாமல் கிடந்த ஒன்றை என் கல்யாணத்தில் எனக்கு வந்த பணத்தைக் கொண்டு வாங்கினார். என்ஜினை அவரே பிரித்து, அவரே பூட்டினார். ஆற்று மணலிலும் சேற்றிலும் அது சிரமமில்லாமல் போயிற்று. அந்த நாட்களில் அவர் நடையே மாறியிருந்தது.

துறையூருக்கு மேலே பச்சைமலையில் பாதை போடுவதற்காக ஒரு சர்வே முகாம் அமைக்கப்போவதாகவும், மலையேறும் ஜீப் ஒன்றை டிரைவரோடு மாத வாடகைக்கு எடுக்கப்போவதாகவும் கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். என் கணவர் அந்த முகாமின் இன்ஜினியரைப் போய்ப் பார்த்தார். வண்டி இன்ஜினியருக்குப் பிடித்தது, நிறம்தான் பிடிக்கவில்லை. பட்டாளத்துப் பச்சையை அரசாங்க முகாமில் நிறுத்த முடியாது, வேறு நிறம் அடித்துத் தை பிறந்ததும் கொண்டுவாருங்கள், எடுத்துக்கொள்கிறேன் என்றார். வீட்டுக்கு வந்த என் கணவர் இதை என்னிடம் மட்டும் சொன்னார். துறையூரில் தனியாக ஒரு வீடு பார்த்துவிடலாம், உன் புஸ்தகங்களை வைக்க ஒரு அலமாரி இருக்கிற வீடாக, என்றும் சொன்னார். எங்கள் கூட்டுக் குடும்பத்தில் என் புத்தகங்கள் அரிசி டப்பாவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்தன.

பாலக்கரையில் பஸ்களுக்கு வர்ணம் அடிக்கும் பாய் ஒருவர் இருந்தார். கறாரான மனிதர்; அதே சமயம் வாய் ஓயாத மனிதர். நகர நூலகத்தில் புத்தகம் மாற்றுவதற்காக நானும் அன்று ஜீப்பில் போயிருந்ததால் அவர் கணக்குச் சொன்னதைக் கேட்டேன். ஜீப்பைச் சுற்றிவந்து, நகத்தால் ஓரத்தைக் கீறிப் பார்த்துவிட்டு, வர்ணத்துக்கு ஆகும் காசு பெரிதில்லை என்றார். இருக்கிற வர்ணத்தை எடுப்பதற்குத்தான் செலவு. சுரண்ட வேண்டும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும், தகடு எங்கெங்கே அரித்திருக்கிறதோ அங்கே ஒட்டுப் போட்டுப் பட்டி பூச வேண்டும், துரு ஏறாமலிருக்கச் சிவப்புப் பூச்சு ஒரு கை கொடுக்க வேண்டும். கடைசியில் அடிப்பதைத்தான் ஊர் பார்க்கும்.

"பச்சைக்கு மேலேயே அடிச்சுத் தரவா சாமி? பாதிக் காசுல முடிச்சிரலாம். ஆனா ஆறு மாசத்துல பல்லைக் காட்டும். அப்ப என் பேரைச் சொல்லித் திட்டப்படாது."

என் கணவர் சிரித்துக்கொண்டே முழுதும் சுரண்டச் சொல்லிவிட்டார். அதற்கான தொகையைத் திரட்டுவதற்குள் எங்களிடம் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. நிறம் மட்டும் என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். புறா நிறம் என்றேன். சாம்பலில் கொஞ்சம் நீலம் கலந்தாற்போன்ற நிறம். ஏன் அதைச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. பட்டாளத்தைச் சற்றும் நினைவூட்டாத நிறமாக இருக்க வேண்டும் என்று எண்ணியிருப்பேன்.

கார்த்திகை மாதம் அது. அடைமழை விட்டுவிட்டுப் பெய்தது. பாய் பச்சையைச் சுரண்டியதும் அதற்கடியில் மணல் நிறம் வந்தது. மணல் நிறத்துக்கும் அடியில், இரு பக்கத் தகட்டிலும் ஒரு வெள்ளைச் சதுரமும் அதன் நடுவில் சிவப்புச் சிலுவையும் தெரிந்தன. யுத்தத்தில் காயம்பட்டவர்களை ஏற்றிப்போன வண்டி. என் கணவருக்கு அதில் சந்தோஷம்தான். ஆஸ்பத்திரி வண்டியென்றால் நன்றாகப் பராமரித்திருப்பார்கள் என்று சொன்னார். ஆனால் மறுநாள் கடைக்குப் போகிற வழியில் தமையனாரும் பாயின் கொட்டகையில் எட்டிப் பார்த்துவிட்டார். அன்று மாலை கூடத்தில் உட்கார்ந்து காப்பி சாப்பிடும்போது, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், ஊர்ச் செய்தி சொல்வதுபோல அதைச் சொன்னார்.

மாமியார் கையிலிருந்த தொன்னையைக் கீழே வைத்தார்.

"ஏண்டா, அதுல செத்தவாளையும் ஏத்திண்டு போயிருப்பாளோன்னோ?"

காயம்பட்டவர்களில் சிலர் வழியிலேயே போயிருப்பார்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது. மாமியார் கோபப்படவில்லை, அழவுமில்லை. அவர் எதற்கும் குரலை உயர்த்துகிறவர் அல்லர். பெருமாள் தேர் வருகிற வீதியில் அந்த வண்டி நிற்கக்கூடாது. அதற்குத் தீட்டுப் போகப் புண்யாஹவாசனம் பண்ணின பிறகுதான் வீட்டு வாசலுக்கு வரலாம் என்று சொன்னார். அது நியாயமாகவே எல்லோருக்கும் பட்டது. எனக்கும் பட்டது. மந்திரம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? வர்ணம் அடித்து முடித்ததும் பண்ணிவிடலாம் என்றார் என் கணவர்.

அங்கேதான் மாமியார் ஒன்று சொன்னார்.

"வர்ணத்துக்கு மேல தெளிச்சா, தீட்டு உள்ளே இருக்கறது எப்படிடா போகும்? அதையும் சேர்த்துன்னா மூடிடுவேள்."

குடும்பப் புரோகிதரான வாத்தியாரைக் கேட்டோம். அவருக்கு ஜீப்பைப் பற்றி அபிப்பிராயம் ஏதும் இல்லை. அம்மா சொல்வதில் தவறில்லை என்றார், நாள் குறித்துக் கொடுத்தார். ஆகவே சுரண்டி, தேய்த்து, வெறும் இரும்பாக நின்ற வண்டியை, பூச்சு எதுவும் தொடுவதற்கு முன்னால், காவேரிப் பாலத்தைத் தாண்டி அம்மா மண்டபத்துச் சாலைக் கோடிக்குக் கொண்டுவந்தார் என் கணவர். வெறும் தகடாக அது பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. மழைக்கால வெளிச்சத்தில் வெள்ளிப் பாத்திரம் போல ஒரு மங்கலான ஒளி அதில் இருந்தது.

வாத்தியார் கும்பம் வைத்து ஜபித்து, தர்ப்பைக் கட்டால் தெளித்தார். வழக்கமாக அவ்வளவோடு முடிந்திருக்கும். மாமியாருக்கு மனம் ஆறவில்லை. மஞ்சளும் துளசியும் கலந்த காவேரித் தண்ணீரைச் சொம்பு சொம்பாக அவரே வாங்கி, முகப்பிலும், கதவில்லாத பக்கங்களிலும், உட்காருகிற இடத்துத் தரைத் தகட்டிலும் ஊற்றினார். வயதான உடம்பு, ஒவ்வொரு சொம்புக்கும் ஒருமுறை வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதற்காக ஊற்றினார் என்பதை நான் அறிவேன். இந்த வண்டியில் மகன் மலையேறப் போகிறான் என்பதை அதற்குள் அவரிடம் சொல்லியிருந்தோம். முன்பு அதில் ஏறிய யாருடைய கதியும் அவனுக்கு வரக்கூடாது என்று ஒரு தாய் செய்த காரியம் அது. இன்றைக்கும் அதில் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அங்கிருந்து நேரே பாலக்கரைக்குப் போனோம். தூறலும் வழியில் சேர்ந்துகொண்டது. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். காலடியில் மஞ்சள் தண்ணீர் தேங்கி, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடிற்று. அதில் ஒரு துளசி இலை மிதந்தது.

பாய் கையில் மண்ணெண்ணெய்த் துணியோடு வெளியே வந்தார். வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். வெறும் இரும்பில் தண்ணீர் படக்கூடாது என்பது அவருக்குத் தெரியாததா? என் கணவருக்கும் தெரியும். என்ஜின் பிரித்த கைக்கு அது தெரியாமல் இருக்காது. ஒரு துணி எடுத்துத் துடைத்து, மறுபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும், அரைநாள் வேலை.

பாய் துணியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சாமி, இது உங்க தீர்த்தம். மண்ணெண்ணெய்த் துணியை அது மேலே நான் வைக்கலாமா? நீங்க சொல்லுங்க."

அவர் மரியாதையாகத்தான் கேட்டார். வேறு மதத்துக்காரர், வேறு எப்படிக் கேட்பார்? துடைக்கச் சொல்லியிருந்தால் துடைத்திருப்பார். என் கணவர் வண்டியைப் பார்த்தார். சொம்பைத் தூக்க முடியாமல் தூக்கி ஊற்றின அம்மாவின் கை அவர் கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கும். அம்மா ஊற்றினதை அரைமணி நேரத்துக்குள் மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"தானா காயட்டும் பாய்," என்றார்.

பாய் ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு சரி என்று தலையசைத்தார். மழைக்காலத்தில் அது காய்வதற்கு இரண்டு நாளாயிற்று. காய்ந்த தகட்டின்மேல் லேசாகச் செம்மை படர்ந்திருந்ததாம். தேய்த்தால் மஞ்சளும் போய்விடுமே என்று பாய் மேலாக மட்டும் ஒரு தடவு தடவிவிட்டு, பூச்சைக் கொடுத்துவிட்டார். பூச்சும் சிவப்புதான், வேறுபாடு தெரியாது.

தையில் முகாமுக்குக் கொண்டுபோனபோது இன்ஜினியர் வண்டியைச் சுற்றிவந்து பாராட்டினார். புறா நிறம் அவ்வளவு நன்றாக அமைந்திருந்தது. துறையூரில் இரண்டு அறை வீடு ஒன்று கிடைத்தது. சுவரில் மரக் கதவு போட்ட அலமாரியும் இருந்தது. என் புத்தகங்கள் முதல் தடவையாக முதுகைக் காட்டி வரிசையாக நின்றன.

அந்த மாதங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அவர் விடியற்காலையில் மலைக்குப் போவார், மாலையில் செம்மண் படிந்த முகத்தோடு வருவார், மலைக்காரர்கள் கொடுத்த பலாச்சுளையோ புளியோ கொண்டுவருவார். முதல் மாத வாடகைப் பணத்தை என் கையில் கொடுத்துவிட்டு, தனக்கு வெற்றிலைக்கு வேண்டும் என்று அதிலிருந்து கொஞ்சம் கேட்டார். கேட்டுவிட்டுத் தாமே சிரித்தார். நானும் சிரித்தேன். கேட்பது அவமானமாக இல்லாத ஓர் இடம் அவருக்குக் கிடைத்திருந்தது.

சித்திரை வெயிலில் முகப்பில் முதல் கொப்புளம் வந்தது. அரிசி வடாம் பொரிவதுபோலச் சின்னதாக. விரலால் அழுத்தினால் உள்ளே நெறுநெறுவென்றது. பிறகு பக்கத் தகடுகளில் வந்தது. புறா நிறம் செதில் செதிலாக உதிர்ந்து அடியிலிருந்து துரு வெளிப்பட்டது. அவர் ஒவ்வொன்றையும் சுரண்டி, மீந்திருந்த வர்ணத்தைத் தொட்டுத் தொட்டு வைத்தார். வண்டிக்கு அம்மை போட்டது போலாயிற்று. கடைசியில் தரைத் தகடு. பெரிய அதிகாரி ஒருவர் மலையைப் பார்வையிட வந்தபோது, பின்னால் ஏறியவரின் காலடியில் தகடு பொத்துக்கொண்டது. அவருக்கு அடி எதுவும் படவில்லை. காலுறை மட்டும் கிழிந்தது. ஆனால் மலைப்பாதையில் இப்படி ஒரு வண்டியை வைத்திருக்கிறீர்களா என்று அவர் இன்ஜினியரைக் கேட்டார். இன்ஜினியர் நல்லவர், சரிசெய்துகொண்டு இரண்டு வாரத்துக்குள் வாருங்கள், அதற்குமேல் என்னால் இடத்தைக் காலியாக வைத்திருக்க முடியாது என்றார்.

மறுபடியும் பாலக்கரை. பாய் சுரண்டச் சுரண்ட நாங்கள் இருவரும் பக்கத்தில் நின்றோம். சிவப்புப் பூச்சு ஏடு ஏடாக எழுந்து வந்தது. அடியில் துரு பரவலாக இல்லை. கோடு கோடாக இருந்தது. முகப்பின் மேட்டில் விழுந்து, இரண்டாகப் பிரிந்து, விளக்குகளைச் சுற்றிக்கொண்டு இறங்கிய தடம். பக்கத் தகட்டில் சொம்பிலிருந்து வீசி ஊற்றிய தடம். தர்ப்பையால் தெளித்த புள்ளிகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. அன்றைக்கு அம்மா எங்கெங்கே ஊற்றினாரோ அங்கெல்லாம் இரும்பு அதை வாங்கி வைத்திருந்தது.

மூவரும் பார்த்தோம். பாய்க்கு வாய் ஓயாது என்றேன். அன்று கடைசியில், கூலியில் பாதியை விட்டுவிடுகிறேன் என்று மட்டும் சொன்னார். ஆனால் கூலியில் என்ன இருக்கிறது? தரைத் தகட்டை முழுவதும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும், பக்கங்களில் பாதியை மாற்ற வேண்டும். முதல் முறை ஆனதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆகும். எங்களிடம் முதல் முறைக்குரியதுகூட இல்லை.

அன்று அவர் கடைக்குப் போய்த் தமையனாரின் மேஜைக்கு முன்னால் நின்றார். நான் வெளியே ரிக்‌ஷாவில் உட்கார்ந்திருந்தேன். நெடுநேரம் அவர் மழையைப் பற்றித்தான் பேசியிருக்க வேண்டும், கோடையில் பேச அதுவும் இல்லை. தமையனார் மறுக்கவில்லை. பணம் முழுவதும் தாமே தருவதாகச் சொன்னார். தகடு கிடைக்கத் தாமதம், பற்றவைப்பவருக்கு வேறு வேலை என்று இரண்டு வாரம் ஆறு வாரமாயிற்று. அதற்குள் முகாமில் சேலத்துக்காரர் ஒருவரின் ஜீப்பை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். துறையூர் வீட்டைக் காலிசெய்ய நான் மட்டும் பஸ்ஸில் போய் வந்தேன். புத்தகங்களைக் கோணிப்பையில் கட்டிக்கொண்டு வந்தேன்.

வண்டி சும்மா நிற்கக்கூடாதே என்று தமையனார் அதைக் கடை வேலைக்கு எடுத்துக்கொண்டார். ஜீயபுரத்துக்கு என்ஜின்களை ஏற்றிப் போக அது சௌகரியமாக இருந்தது. இந்த முறை நிறத்தை அவரே தேர்ந்தெடுத்தார். அழுக்குத் தெரியாது என்று கரும்பழுப்பு. இரு பக்கமும் ஏஜென்சியின் பெயரை வெள்ளை எழுத்தில் எழுதச் சொன்னார். என் கணவரின் முகத்தைப் பார்த்திருப்பார் போலும். தோளில் கை வைத்து, உண்மையான வாஞ்சையோடு சொன்னார்:

"வண்டி என்னிக்கும் உன்னுதுதாண்டா. பேர் மட்டும் கடையோடது."

வண்டி வாசலுக்கு வந்தபோது மாமியார் ஆரத்தி எடுத்தார். மலையிலிருந்து மகன் காயமில்லாமல் திரும்பினதில் அவருக்கு நிறைவு. மன்னியிடமும் என்னிடமும், அன்றைக்குப் புண்யாஹம் பண்ணினதால்தான் அந்த மலையில் இத்தனை மாதமாவது அது ஓடிற்று, இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ என்றார். பக்கத்தில் நின்ற என் கணவர், "ஆமாம்மா" என்றார். அந்தக் கோடுகளைப் பற்றி அவர் அம்மாவிடம் ஒருநாளும் சொல்லவில்லை. அம்மா காலமான பிறகும் அண்ணாவிடம் சொல்லவில்லை. என்னிடமும் அதைப் பற்றிப் பேசியது கிடையாது, நானும் கேட்டதில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

சாவி தமையனாரின் அறையில், கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கத் தொடங்கியது. அவர் அங்கே தொங்கவிடச் சொல்லவில்லை. குழந்தைகள் எடுத்து விளையாடாத உயரம் என்று மன்னி மாட்டினார். அறுபதுகள் முழுவதும் அது அங்கேதான் தொங்கிற்று. காலையில் பெருமாளுக்குத் திருவாராதனம் முடிந்து தமையனார் காப்பி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, என் கணவர் குளித்து, உடுத்தி, அந்த அறை வாசலில் போய் நிற்பார். உள்ளே போய் எடுத்துக்கொள்ள யாரும் தடை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"அண்ணா, சாவி எடுத்துக்கட்டுமா?"

ஒவ்வொரு நாளும் கேட்டார். தமையனார் ஒவ்வொரு நாளும், இதையெல்லாம் கேட்பானேன், எடுத்துக்கோ என்றார்.